கதவு வூடு

என்னை ஓரிடத்தில் உட்காரவைக்கும் முயற்சியை என் அம்மா எனக்கு ஆறு வயது ஆனபோதே கைவிட்டுவிட்டாள். சாப்பிடும்போதுகூட என் ஒரு கால் வாசலைப் பார்த்து நீண்டிருக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அப்பா சொல்வார். நாங்கள் இருந்ததோ குரோம்பேட்டையில் ஒரு போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையலறை, ஆறு குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு குழாய். அதற்குள் சக்கரத்தை எங்கே உருட்டுவது? பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு விட்டால் போதும், இரும்புலியூருக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி வீட்டை இரண்டாக்குவேன். அம்மாவின் அக்காவை அந்த ஊரில்தான் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் வகுப்பில் லீவுக்கு ஊட்டி போய்வந்த பிள்ளைகள் இருந்தார்கள். வண்டலூரில் புலி பார்த்தவர்கள் பாதி வகுப்பு. யார் என்ன பீற்றிக்கொண்டாலும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. பதினான்கு படி ஏறிப்போய்க் கூரையில் தலை இடித்துக்கொண்டவர்கள் அவர்களில் ஒருவர்கூட இல்லை. என் பெரியம்மா வீட்டில் அதைத் தினமும் செய்யலாம்.

பெரியப்பாவின் குடும்பம் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நிலத்தையெல்லாம் மனை பிரித்து விற்ற பிறகு, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு மனையை மட்டும் வைத்துக்கொண்டு அதில் மாடி வீடு கட்டினார். கட்டியபோது அது எல்லா வீட்டையும் போலத்தான் இருந்தது. முன்னால் போர்டிகோ, உள்ளே மொசைக் போட்ட ஹால், மாடியில் ரோட்டைப் பார்த்து ஒரு பால்கனி, எல்லாவற்றுக்கும் மேலே நாக்கைத் தொங்கப்போட்ட திருஷ்டிப் பொம்மை. அது ஊர் பார்க்கும் வீடாக மாறியது, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகு.

அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தாள். மேலே எம்.எஸ்சி. படிக்கிறேன் என்று கேட்டதற்கு பெரியப்பா ஒப்பவில்லை. அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு சமாதானம் ஆயிற்று. மாப்பிள்ளை அமைகிறவரை காலேஜுக்குப் போகலாம், அமைந்த அன்றே நிறுத்திவிட வேண்டும். “அமையுற வரிக்கும் போய்கினு இரு. அமைஞ்சா அன்னியோட ஃபுல்ஸ்டாப்பு. அப்பறம் பேஜார் பண்ணக் கூடாது” என்று பெரியப்பா விரலை ஆட்டிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். படிப்பைப் பற்றிய பேச்சு எதுவும் என் காதில் தங்குவதில்லை. கல்யாணத்துக்கு எனக்கு மாம்பழ மஞ்சளில் பட்டுப் பாவாடை எடுப்பதாகப் பெரியம்மா சொன்னது மட்டும் தங்கியது. அதனால் அக்காவுக்குச் சீக்கிரம் மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே இருந்த அத்தனை சாமியையும் நான் வேண்டிக்கொண்டேன்.

முதலில் வந்தவர்கள் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். பெரியப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அப்போது எங்கள் பக்கத்தில் வாஸ்து ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்த நேரம். டீக்கடை வைத்தவர்கூட அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று ஆள் கூப்பிட்டுக் கேட்டார். பெரியப்பாவும் ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் உள்ளங்கையில் காம்பஸை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். ரோட்டைப் பார்த்த வாசல் மேற்கு வாசல். அதனால்தான் பெண் வீட்டிலேயே தங்குகிறது. வாசலைக் கிழக்கே மாற்றுங்கள் என்றார். கொல்லைப்புறம் வாசலாயிற்று. பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஆனால் கதவைக் கழற்ற விடவில்லை. வீட்டில் கதவுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருந்தால்தான் விருத்தியாம். எனவே பித்தளைப் பூண் போட்ட அந்தப் பெரிய தேக்குக் கதவு நின்ற இடத்திலேயே நின்றது. திறந்தால் சுவர்.

இந்த நிலையில்தான் இரண்டாவது மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். முதல்நாள் சாயங்காலம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டேன். “வர்றவங்க சும்மா உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போகக் கூடாது பாப்பா. வீட்டை முழுசா சுத்திக் காட்டணும். அது உன் பொறுப்பு. எதையும் விட்டுடாதே” என்றாள். அவள் அவ்வளவு பெரிய பொறுப்பை எனக்குக் கொடுத்ததில் எனக்குத் தலை கால் புரியவில்லை. எதை முதலில் காட்டுவது, எங்கே நின்று என்ன சொல்வது என்று அவளே சொல்லிக்கொடுத்து ஒத்திகையும் பார்த்தாள். கதவை மெதுவாகத் திறக்கக் கூடாதாம், படாரென்று திறக்க வேண்டுமாம்.

படாரென்று திறந்தேன். மாப்பிள்ளையின் அம்மா செங்கல் சுவரைப் பார்த்துவிட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடுவாஞ்சேரிக்குத் திரும்பிப் போனவர்களிடமிருந்து தகவலே இல்லை.

இன்னொரு வாஸ்துக்காரர் வந்தார். வாசல் சரி, மாடிப்படிதான் இடப்பக்கமாகச் சுற்றுகிறது, வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்றார். வெளியே புதிதாக ஒரு படிக்கட்டு எழுந்தது. பழையதை இடித்தால் உத்தரம் இறங்கிவிடும் என்று கொத்தனார் பயந்ததால், அதன் உச்சியை மட்டும் கான்கிரீட் போட்டு மூடினார்கள். மூன்றாவதாக வந்தவர்களின் குடும்பத்துப் பெரியவர் என் பேச்சை நம்பி அந்தப் படியில் வேகமாக ஏறி மண்டையை இடித்துக்கொண்டார். பெரியம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டு அனுப்பினாள். அதன்பின் ஈசானி மூலையில் குறை இருக்கிறது என்று ஹாலை வடகிழக்கே இழுத்துக் கட்டியதில் முற்றத்து அடிபம்பு ஹாலுக்கு நடுவே வந்துவிட்டது. விருந்தாளிகள் வரும்போது பெரியம்மா அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியை மூடி, பிளாஸ்டிக் ரோஜா வைப்பாள். துணியை எடுத்துவிட்டு ஒரு தடவை அடித்துக் காட்டு என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நான்காவதாக வந்தவர்களின் செருப்பு நனைந்தது. அவர்கள் முன்பு பொருந்தியிருந்த ஜாதகம் இப்போது பொருந்தவில்லை என்று கார்டு போட்டார்கள்.

ஆளுக்கு ஆள் மறுக்க மறுக்க வீடு மாறிக்கொண்டே வந்தது. வீடு மாற மாற எனக்குக் காட்டுவதற்குச் சரக்கு கூடிக்கொண்டே வந்தது. இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று யாருக்குமே தோன்றாததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பெரியப்பா அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லுங்கியோடு அங்குமிங்கும் அலைந்தார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிட்டார். கட்டில் ஒரு லீவுக்கு ஓர் அறையில் இருக்கும், அடுத்த லீவுக்கு வேறு அறையில் இருக்கும். பெரியம்மா பழைய சமையலறைக்குப் போய் நின்றுகொண்டு, தீப்பெட்டியைக் காணோம் என்பாள். ரோட்டில் போகும் பஸ்ஸில் கண்டக்டர், ஸ்டாப்பிங் பெயரை விட்டுவிட்டு, “கதவு வூடு எறங்கு, கதவு வூடு!” என்று கத்த ஆரம்பித்தார். பெரியப்பா அதைக் கேட்டால் உள்ளே போய்விடுவார். நான் மட்டும் இறங்குகிறவர்களைப் பெருமையாகப் பார்ப்பேன்.

அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தவள் அக்கா ஒருத்திதான். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே, சிமெண்ட் தூசி படிந்த நோட்டைத் துடைத்துவிட்டு, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு மறுப்புக்கும் பெரியம்மா அழுவாள், அக்கா அவளைத் தேற்றுவாள். பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனது பார் என்று ஊரே சொல்லிற்று. இப்படியே எம்.எஸ்சி.யில் முதல் வருஷம் முடிந்து, இரண்டாம் வருஷமும் பாதி வந்துவிட்டது. ஏப்ரலில் கடைசிப் பரீட்சை.

நான்காவது மறுப்புக்குப் பிறகு வந்த வாஸ்துக்காரர் பால்கனியில் கை வைத்தார். மேற்கே எடை தொங்கக் கூடாதாம். பால்கனியை இடித்தார்கள். கதவு எண்ணிக்கைக்காக அங்கேயும் கதவு தப்பித்தது. மாடி அறையில் அந்தக் கதவைத் திறந்தால் நேரே ஆகாசம். கீழே பதினைந்து அடியில் ரோடு. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்.

ஐந்தாவது மாப்பிள்ளை தீபாவளிக்கு மறுநாள் வந்தார். ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நிற்கிறது, வரமாட்டார்கள் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். பஜ்ஜிக்கு மாவைக் கரைப்பாள், வாசலுக்குப் போய்ப் பார்ப்பாள், திரும்பிவந்து மாவில் தண்ணீர் விடுவாள். மூன்று பேர் குடையோடு வந்து, வழக்கம்போல மூடிய வாசலைத் தட்டிவிட்டு, பின்னால் சுற்றி வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா. மாப்பிள்ளைக்கு மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிராயிங் போடும் வேலை. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கண் பஜ்ஜித் தட்டில் இல்லை. பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பாப்பா, அவங்களுக்கு வீட்டைச் சுத்திக் காட்டு” என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

மற்ற இருவரும் அசையவில்லை. மாப்பிள்ளை மட்டும் எழுந்தார். நான் துணியை உருவிப் பம்பை அடித்தேன். அவர் சிரித்தார். இவர் கோபித்துக்கொள்ளாமல் சிரிக்கிறாரே என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. போர்டிகோவுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தேக்குக் கதவைப் படாரென்று திறந்தேன். அவர் செங்கலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். படிக்கட்டில் ஏறி, கூரைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, இறங்கமாட்டேன் என்பதுபோல் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“பாப்பா, லீவு கிடைச்சா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? இந்த மாதிரி கட்டடமா தேடிப் போவேன்” என்றார். கோவளத்துக்குப் போகும் வழியில் ஒருவர் பழைய படகைக் கவிழ்த்துப் போட்டுக் கூரையாக்கியிருக்கிறாராம். பெருங்களத்தூரில் ஒரு வேப்பமரத்தை வெட்ட மனமில்லாமல் அதைச் சுற்றி வீடு கட்டி, படுக்கையறைக்குள் மரம் நிற்கிறதாம். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அரிசி மில்லுக்குக் கோட்டை மாதிரி நான்கு கொத்தளம். புளிசாதம் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாமாம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, எல்லாவற்றையும் பென்சிலில் வரைந்து வைத்திருந்ததைக் காட்டினார். என் வாழ்நாளில் என்னைப் போல் ஒரு பெரிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்புச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். அக்கா காபித் தட்டோடு ஹால் வரை வந்து நின்றாள். அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “பாப்பா, போதும். காபி ஆறுது, வரச் சொல்லு” என்றாள்.

போதும் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னும் மாடி இருக்கிறதே? இருப்பதிலேயே நல்லதைக் கடைசியில் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தானே? நான் மாப்பிள்ளையின் சுண்டுவிரலைப் பிடித்து வெளிப்படிக்கட்டுக்கு இழுத்தேன். “மழை பாப்பா, மேலே வேணாம். சொன்னா கேளு” என்று அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காதவள்போல ஓடினேன். இப்போது எனக்கு நாற்பது வயதுக்குமேல் ஆகிறது. அந்த இரண்டாவது குரலை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மாடியில் கதவைத் திறந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. கீழே ஜி.எஸ்.டி. ரோடு வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஜன்னல் ஓரத்து ஆட்கள் அத்தனை பேரும் அண்ணாந்து எங்களைப் பார்த்தார்கள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் கை காட்டினார்.

“தினமும் அந்த பஸ்ஸுலதான் போறேன். இந்தக் கதவு திறக்குமா, திறந்தா யார் நிப்பாங்கன்னு ஆறு மாசமா யோசிச்சுட்டிருந்தேன்” என்றார். பிறகு கீழே இறங்கிப் போய், நனைந்த தலையோடு, அம்மாவிடம் தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார். அக்காவின் முகத்தை அவர் அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

பெரியப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். பெரியம்மா சாமி அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஓடினாள். பெண்ணும் பிள்ளையும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று தாய்மாமா நாகரிகமாகச் சொன்னதால், இருவரையும் பம்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் ஹாலின் மறுகோடிக்குப் போனார்கள். நான் போகவில்லை. பம்புக்கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

“ஏப்ரல்ல எனக்குக் கடைசிப் பரீட்சை இருக்கு. அதுக்கப்புறம் வெச்சுக்கலாமா?” என்று அக்கா கேட்டாள். அவள் குரல் ஏன் அப்படிக் கீழே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் தாராளமாகத் தலையாட்டினார். “அதுக்கென்னங்க, அம்மாகிட்ட கேட்டுடலாமே” என்று அங்கேயே திரும்பி அம்மாவிடம் உரக்கக் கேட்டார். அந்த அம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். “தை பொறந்தா முகூர்த்தம் பாக்கணும். இன்னும் இன்னா படிப்பு? எங்க வூட்ல வந்து பால் கணக்கா போடப்போறா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சத்தமாகச் சிரித்தார். மாப்பிள்ளையும் சங்கடமாகச் சிரித்தார். எனக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் நானும் சிரித்தேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் விடாத மழையில் கொத்தனார் வந்தார். அடுத்ததாகச் சமையலறைச் சுவரில் வட்டமாக ஒரு ஜன்னல் வைப்பதாக இருந்தது. நான் அதற்காகவே லீவு முடிந்தும் ஊருக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா அவரை வாசலிலேயே நிறுத்தினார். “இனிமே ஒரு செங்கல்லக்கூடத் தொடாதே நைனா. வூடு இப்பத்தான் கரீட்டா கீது” என்றார். கடப்பாரை, சட்டி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொத்தனார் போய்விட்டார்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வட்ட ஜன்னல் இல்லை. இனிமேல் எதுவுமே புதிதாக வராது. வீடு இப்படியே நின்றுவிடும். அழுவதற்கு இடம் தேடி, கூரையில் முட்டும் படிக்கட்டில் ஏறினேன். உச்சிப்படியில் அக்கா ஏற்கெனவே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மடியில் கணக்கு நோட்டு மூடிக் கிடந்தது. நான் அவள்மேல் விழுந்து அழுதேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கீழேயிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவும் தங்கையும் பிரியப்போகிறோமே என்று இப்போதே அழ ஆரம்பித்துவிட்டார்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னாள். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் இருவருமே அதற்காக அழவில்லை.

என் அழுகை சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. அவளுடையது ஓயவில்லை. அவளுக்கு என்ன பயம் என்று எனக்குப் புரிந்தமாதிரி இருந்தது. கல்யாணம் ஆகிப் போய்விட்டால் இந்த வீட்டைப் பார்க்க முடியாதே என்றுதான் இருக்கும். முந்தின மூன்று பேரையும் கோட்டைவிட்ட நான் இந்த ஒருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. அவள் காதோடு வாயை வைத்து, “அழாதேக்கா, அவருக்கு நான் எல்லாத்தையும் ஒண்ணு விடாம காட்டிட்டேன். வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உன்னை அடிக்கடி கூட்டிட்டு வருவாரு” என்று சொன்னேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு இன்னும் குலுங்கினாள். மழைச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.